மர்மப் பெட்டிக் காக்கா

பிறருக்குப் பொருள் வீடு வந்து சேர்ந்ததும் வாங்கல் முடிந்துவிடுகிறது; மர்மப் பெட்டிக் காக்காவுக்கோ அப்போதுதான் கணக்குத் தொடங்குகிறது. கூரியர்க்காரரிடம் 3,500 ரூபாவை எண்ணிக் கொடுத்து, அஸர் தொழுகை முடிந்த கையோடு கிழக்கிலங்கைக் கரையோரத்துச் சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கடை வாங்கில் அமர்ந்து, பெட்டிக்குள்ளிருந்த ஆறு அத்தர்ப் போத்தல்களையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் உறையிலும் அச்சிடப்பட்டுள்ள விலையைக் கூட்டி, அதிலிருந்து தாம் கொடுத்ததைக் கழித்து, மிஞ்சுவதைத் தம் இலாபமென அறிவிப்பதே இவ்வகையினரின் தலையாய இலக்கணமாகும். உள்ளிருப்பது இன்னதென்று சொல்லாமல், இத்தனை ஆயிரம் பெறுமதியான சரக்கு இன்று மட்டும் இவ்வளவுக்கே என்று முகநூல் பக்கங்களிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படும் மூடிய பொதியே மர்மப் பெட்டி எனப்படுகிறது.

இந்தக் கணக்கு முறை தனித்து ஆராயத்தக்கது. போத்தல் ஒன்றின் உறையில் 3,000 என்றிருந்தால் ஆறுக்கும் 18,000 ஆகிறது. ஆகவே இலாபம் 14,500. அந்த 3,000ஐ அச்சிட்டவரும் பெட்டியை விற்றவரும் ஒருவரே என்பதை எவரேனும் சுட்டிக்காட்டினால், 2022 ஓகஸ்ட்டில் அரசாங்கம் இறக்குமதியை இடைநிறுத்திய முந்நூறு பொருட்களில் வாசனைத் திரவியமும் இருந்ததை நினைவூட்டி, அதன் பிறகு எந்த விலையும் நம்பத்தகாததல்ல என்று காக்கா தீர்ப்பளித்துவிடுவார். நட்டம் என்ற பத்தி இக்கணக்கேட்டில் அறவே கிடையாது. வழியில் ஒழுகி அரைவாசியாகிப்போன போத்தல் பாவித்துப்பார்க்கும் மாதிரியாகவும், நுளம்புத்திரி போல் மணப்பது இன்னும் முதிர வேண்டிய சரக்காகவும், ஒரே மணத்தில் வந்த இரண்டு போத்தல்கள் ஒன்று வீட்டுக்கும் ஒன்று மோட்டார் சைக்கிளுக்குமாகவும் பதியப்படுகின்றன. ஆண்கள் பூச முடியாத மல்லிகை வாசனை மனைவியின் பங்காகிவிடும். அந்தப் பங்கை அவர் கேட்டாரா என்பது கணக்குக்குப் புறம்பானது. கூரியர்க் கட்டணம் பாதையின் செலவேயன்றிப் பெட்டியின் செலவல்ல என்பதால் சேர்க்கப்படுவதில்லை. சீனாவின் அலிபாபா நிறுவனம் 2009இல் தொடக்கிவைத்து இன்று உலகெங்கும் பரவிவிட்ட நவம்பர் 11 மலிவு விற்பனை, அதன் நிழலாக வந்த டிசம்பர் 12 விற்பனை, நோன்பு, இரண்டு பெருநாட்கள் என்று ஆண்டு முழுவதையும் இவ்வாறே கூட்டினால் காக்கா ஈட்டிய இலாபம் இலட்சத்தைத் தாண்டுகிறது. அதைக் கொண்டு வீட்டுக்கு மேல்மாடி எழுப்ப முடியாமலிருப்பதற்கான ஒரே காரணம், சீமெந்துக் கடைக்காரர் அந்த இலாபத்தைப் பணமாக ஏற்க மறுப்பதுதான்.

பெட்டி திறப்பதைத் தொலைபேசியில் படம்பிடிப்பது, பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டை அனுமதியின்றிப் பற்றித் தடவிவிடுவது போன்ற சிறு வழக்கங்களும் இவ்வகையினரிடம் உண்டு. பழுப்பு நிறத்தில் எது வந்தாலும் அதற்குக் கம்போடிய ஊத் என்று பெயர் சூட்டுவது அவற்றுள் சற்றே பெரியது. ஊத் எனப்படுவது அகில் மரத்தில் ஒருவகைப் பூஞ்சை தொற்றும்போது மரம் தன்னைக் காக்கச் சுரக்கும் பிசின் ஊறிய வைரத்திலிருந்து வடிக்கப்படும் தைலம். தொற்று நேராத மரம் வெறும் விறகு. அம்மரங்கள் அருகியதால் அவற்றின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இலங்கையின் ஈரவலயத்தில் வளரும் அதன் உறவான வல்லப்பட்டையைக் கடத்த முயன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடிபட்டவர்களும் உண்டு. அத்தர் வணிகத்தில் ஏறத்தாழ 12 மில்லிலீற்றருக்குத் தோலா என்று பெயர். கலப்பற்ற ஊத் ஒரு தோலாவே பல்லாயிரம் ரூபா பெறுமென்றால், 3,500 ரூபாப் பெட்டியின் ஆறிலொரு பங்காக அது வந்துசேர வழியே இல்லை. வந்திருப்பது ஆய்கூடத்தில் செய்த செயற்கை வாசனை. அதுவும் மணக்கத்தான் செய்கிறது, ஆனால் கம்போடியாவை அறியாது.

பொருளின் பெயரை மறைத்து விற்பதெல்லாம் மோசடியென்று முடிவுகட்டுவதும் நியாயமன்று. மேலை நாடுகளின் திராட்சை மது வணிகத்தில் தேங்கிய சரக்கை விற்றுத்தீர்க்க விரும்பும் உற்பத்தியாளர், தம் பெயருக்குரிய வழக்கமான விலை சரிந்துவிடாதபடி சிட்டையை மறைத்து, வணிகரொருவர் வழியாக மலிவாக விற்பதுண்டு. மதுவை விலக்கிய ஊருக்கு அச்சரக்கு ஆகாதெனினும் அதன் வாணிப நுட்பம் அறியத்தக்கதே. அங்கே உற்பத்தியாளரின் பெயர் மறைந்தாலும் விற்பவரின் பெயர் வெளிப்படையாக நிற்கிறது. சரக்குக் கெட்டிருந்தால் மறுமுறை எவரும் அவரிடம் வாங்கமாட்டார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மட்டமான சரக்கே நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று பழைய கார்களை உதாரணங்காட்டி 1970இல் எழுதிய பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லோஃப் 2001இல் நோபல் பரிசு பெற்றார். இன்று ஒரு பெயரிலும் அடுத்த மாதம் வேறு பெயரிலும் தோன்றும் முகநூல் பக்கத்துக்கு இழப்பதற்கு நற்பெயர் ஏதுமில்லையாதலால், அந்தப் பெட்டியில் நல்ல சரக்கை வைப்பதற்கான காரணமும் இல்லை.

இதைவிடப் பழைய எச்சரிக்கை காக்காவின் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது. கல்லை எறிந்து, அது விழும் பொருளை ஏற்றுக்கொள்ளும் விற்பனையையும், கரர் எனப்படும் நிச்சயமின்மை கலந்த விற்பனையையும் நபிகளார் தடுத்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. விற்கப்படும் பொருளின் இனமும் அளவும் தன்மையும் இருதரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பது இக்கரையோரம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் சட்டம். லொத்தர்ச் சீட்டு ஹராமென்று தேநீர்க் கடையில் அரை மணி நேரம் விளக்கும் காக்கா, விளக்கி முடிந்ததும் அடுத்த பெட்டிக்கு ஓடர் போடுகிறார்.

ஆயினும் அவரைக் கஞ்சரென்று கூறுவோர் உண்மையறியாதவர்கள். வெள்ளிக்கிழமைகளில் மோதினார் முதல் ஓதப்போகும் சிறுவர் வரை பலர் மீதும் வீசுவது அவர் இலவசமாகக் கொடுத்த அத்தரே. தெருவில் ஒரு மரணம் நிகழ்ந்தால் கபனுக்குப் பூச முதல் போத்தல் வருவதும் அவர் வீட்டிலிருந்துதான். அந்த வேளையில் மட்டும் அவர் விலையைச் சொல்வதில்லை.

தம் பணத்தில் ஏமாறுவதோடு அவர் நின்றிருந்தால் இச்சித்திரம் இங்கேயே முடிந்திருக்கும். ஐந்து பெட்டி சேர்ந்தால் கூரியர் இலவசமென்பதற்காக, மருதமுனையில் தறியில் சாரம் நெய்து கூலி பெறும் பெண்களிடமும், வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பும் பணத்தில் குடும்பம் நடத்தும் உம்மாமாரிடமும் அவர் வட்ஸ்அப்பில் ஓடர் திரட்டுகிறார். அவர்களுக்கு 3,500 ரூபா விளையாட்டுப் பணமன்று, பெட்டி பிடிக்காவிட்டால் திருப்பிக் கேட்க முகவரியும் இல்லை. இது வேடிக்கையன்று, நிறுத்தப்பட வேண்டிய காரியம்.

மர்மப் பெட்டி இலாபமா என்ற கேள்விக்கு விடை எளிது: உள்ளிருக்கும் ஆறையும் பாவிக்கக்கூடியவருக்கு, பெயருள்ள கடை விற்றால், ஒருவேளை இலாபம், மற்றெவருக்கும் நட்டமே. அத்தர் வேண்டுவோர் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போய் மணிக்கட்டில் ஒரு துளி தடவி, முதலில் எழும் மணம் அடங்கி அடிமணம் வெளிப்படும்வரை அரை மணி நேரம் பொறுத்து, பிடித்திருந்தால் கால் தோலா வாங்கிக்கொள்ளட்டும். பாவிக்காத ஆறு போத்தலைவிடப் பாவிக்கும் ஒன்றே மலிவு.