மிஸ்ஸிங் அடிக்கும் புல்லட்டுக்குச் சில யோசனைகள்

பழைய புல்லட் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கினால், அதை எங்கே ஓரங்கட்டுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திருவொற்றியூர் தேரடி உத்தமம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. ராணுவத்துக்கான 350 சிசி புல்லட்டைச் செய்ய, தொழிற்சாலை இந்த ஊரில்தான் எழுந்தது. அதனால் இங்கே தெருவுக்கு ஒருவருக்காவது ‘உள்ள வேலை செஞ்ச’ மாமா இருப்பார். மாமா கேன்டீனில் இருந்தாரா, இன்ஜின் பிரிவில் இருந்தாரா என்றெல்லாம் கேட்கக் கூடாது.

எண்ணூர் வேண்டாம். அது அசோக் லேலண்ட் ஊர். டீசல் இன்ஜினுக்குக் காயிலும் கிடையாது, பிளக்கும் கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். “இன்னும் பொறி வச்சி கொளுத்திக்கினா கீறீங்க?” என்று கேட்டுவிட்டு லாரிக்காரர் போய்விடுவார்.

தேரடியில் வண்டி நின்றதும் முதல் ஆள் வருவார். வண்டியைத் தொடமாட்டார். சைலன்சரை மட்டும் பார்த்துவிட்டு, “காயில் பூட்ச்சிப்பா” என்பார். இதை மறுத்துப் பேசினால் கூட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இந்த நேரத்தில் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல இறக்கினால், பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். சாயவே இல்லையென்றால் பாயிண்டில் கரி, அல்லது எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. சாய்ந்த முள் திரும்பவில்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ ஷார்ட். பைசா செலவில்லாத இந்தச் சோதனையை நீங்களே செய்துவிட்டால், சுற்றி நிற்கும் பெரியவர்கள் என்ன செய்வார்கள்?

அடுத்து, கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் சடங்கு. பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டி, இன்ஜின் தலையின் உலோகத்தில் படும்படி வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். பொறி நீலவெள்ளையாக, ‘டிக்’கென்ற சத்தத்தோடு விழுந்தால் நல்லது, மஞ்சளாக, நூலாக விழுந்தால் கரண்ட் வீக். பல ஆயிரம் வோல்ட் என்பதால் பிளக்கைப் பிடிக்கும் பொறுப்பை, காயில் போச்சு என்று சொன்னவருக்கே கொடுங்கள். அவர் கொஞ்சம் யோசிப்பார்.

யோசிக்கிற இடைவெளியில் கேப்பைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். காசிமேட்டுக் கடற்காற்றில் வளர்ந்த வண்டியென்றால் உள்ளே பித்தளை பச்சைக் களிம்பு கட்டியிருக்கும். ஒயர் முனையைக் கொஞ்சம் வெட்டிப் புது கேப் மாட்டினால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். ஆனால் கேப் மாற்றி யாரும் இந்த ஊரில் பேர் வாங்கியதில்லை. பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தவருக்கும் அதே கதிதான். ஃபீலர் கேஜ் கேட்டால் ஒருவர் பஸ் டிக்கெட்டை மடித்து நீட்டுவார். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாயிண்டிலேயே பொறி தாறுமாறாகத் தெறித்தால் குற்றவாளி கண்டென்சர். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத அதைச் சந்தேகிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது.

காயில் போவதே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மணலியிலிருந்து நன்றாக வந்து, சூடேறியதும் செத்து, ஒரு டீ குடிப்பதற்குள் உயிர்த்தெழுந்தால் காயிலின் உள்சுற்றில் கோளாறு இருக்கலாம். கண்டென்சரும் இதே நாடகத்தை ஆடும். எனவே மலிவான கண்டென்சரை முதலில் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம், அதாவது யாரும் ஒப்புக்கொள்ளாத யோசனை.

சரி, காயில்தான் வாங்குவதென்று கூட்டம் தீர்மானித்துவிட்டது. கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டு, “எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார், வெயிட்ட பாருங்க” என்பார். கையில் தூக்கிப் பாருங்கள், அவர் மனம் குளிரும். பிறகு உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் காயில் போட்டால் அது கொதித்தே சாகும். இரண்டாவது, மல்டிமீட்டரைச் சின்ன முனைகள் இரண்டிலும் வையுங்கள். பாயிண்ட் வண்டிக்கான 12 வோல்ட் காயில் 3, 4 ஓம் அளவில் காட்டும். சிடிஐ வண்டிக் காயில் பார்க்க அண்ணன் தம்பிபோல இருந்தாலும் 1 ஓமுக்குக் கீழே காட்டும். அதை மாட்டினால் கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்து, காலையில் தேய்த்த பாயிண்ட் சாயங்காலம் கருகிவிடும். கடையில் மீட்டரை வெளியே எடுத்தால் “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லத் துணிவிருந்தால் எடுங்கள்.

பிஎஸ்6 புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும், சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகுவார்கள், மாமாவுக்கு வேலையில்லை.

புதுக் காயில் மாட்டிய பிறகும் வண்டி மிஸ்ஸிங் அடித்தால் கலங்க வேண்டாம், அடுத்தது கார்பரேட்டர். அதற்கான நிபுணர்கள் காலடிப்பேட்டைப் பக்கம் டீக்கடையில் இருக்கிறார்கள். தள்ளிக்கொண்டே போகலாம், வழியில் மேடு கிடையாது.