கண்டு களித்தோம்

பஸ் இன்னும் பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டியிருக்காது. பின்சீட்டில் முறுக்குப் பொட்டலம் பிரிந்திருக்கும். நடுவில் பாட்டுக்குப் பாட்டு தொடங்கி, "அந்தப் பாட்டு ஏற்கெனவே பாடியாச்சு" என்று சண்டையும் தொடங்கியிருக்கும். முன்சீட்டில் ஒரு பிள்ளையின் முகம் வெளுப்பதைப் பார்த்துவிட்டு மிஸ் எலுமிச்சம்பழத்தையும் பாலிதீன் கவரையும் தேடிக்கொண்டிருப்பார். படிப்ஸ் மட்டும் மடியில் நோட்டை விரித்து, குலுங்குகிற பஸ்ஸில் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, முதல் வரியை எழுதி முடித்திருப்பான்: "காலை சரியாக 5 மணிக்கு எங்கள் கலைப் பண்பாட்டுச் சுற்றுலா இனிதே தொடங்கியது."

அப்போது மணி 6.20.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அது பயன்படும். மற்றபடி எல்லா வகுப்பிலும் அவன் பெயர் படிப்ஸ்தான். வீட்டுப்பாடம் கொடுக்க மறந்த ஆசிரியருக்கு எழுந்து நின்று ஞாபகப்படுத்துவது, பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் "எல்லாம் போச்சுடா" என்று கண்கலங்கிவிட்டு 98 வாங்குவது எல்லாம் ஊரறிந்த விஷயம். அவனுடைய முழு ஆற்றலும் வெளிப்படுவது டூரில். அங்கே அவன் செய்வது ஒரே வேலை. போர்டு எழுதுவான்.

சிலையை அவன் பார்ப்பதில்லை, சிலைக்குக் கீழே இருக்கும் அட்டையைப் பார்ப்பான். கோபுரத்தைப் பார்ப்பதில்லை, கோபுரத்தைப் பற்றிய பலகையைப் பார்ப்பான். திருச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில், அரண்மனைக் கலைக்கூடம், தாராசுரம் என்று ஒரே நாளில் நான்கு இடம் போனால், நான்கு இடத்திலும் மொத்தம் எத்தனை பலகை என்று அவனைக் கேட்டால் சொல்வான். கல்லணையில் தண்ணீர் ஓடியதா என்று கேட்டால் யோசிப்பான்.

தொல்லியல் துறையின் நீலப் பலகை என்றால் அவனுக்குத் தனிப் பிரியம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்று ஆரம்பித்து, 1958ஆம் ஆண்டுச் சட்டம், சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்பதுவரை ஒரு எழுத்து விடமாட்டான். அந்தச் சட்டத்தில் முதலில் மூன்று மாதச் சிறையும் 5,000 ரூபாய் அபராதமும்தான் இருந்தன. 2010இல் திருத்தி இரண்டாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று ஆக்கினார்கள். கலைச் சுற்றுலா அறிக்கையில் ராஜராஜனுக்கு மூன்று வரி, அபராதத்துக்கு ஆறு வரி. படித்தால் பிள்ளைகள் கோயிலைப் பார்க்கப் போனார்களா, இடிக்கப் போய் மாட்டிக்கொண்டார்களா என்று சந்தேகம் வரும்.

பலகையில் இந்தியும் இருக்கும். இவனுக்கு இந்தி தெரியாது. ஆனால் விடுபட்டால் மார்க் போய்விடுமே! அதனால் மேலே கோடு இழுத்து, அதிலிருந்து எழுத்துகளைத் துணி உலர்த்தியதுபோல் வரிசையாகத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து வரைந்தான். கலைச் சுற்றுலாவில் அவன் வரைந்த ஒரே படம் அதுதான்.

பெரிய கோயிலின் இரண்டாவது கோபுரமான ராஜராஜன் திருவாசலில் ஆளுயரத்தை எல்லாம் தாண்டிய ஒரே கல்லாலான வாயிற்காவலர் இருவர் நிற்கிறார்கள். அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். காலடியில் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பாம்பு, வாயில் ஒரு யானை. பாதி உள்ளே போய்விட்டது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் முதலில் கண்டுபிடித்தாள். "அய்யய்யோ மிஸ், பாம்பு யானைய முழுங்குது!" என்று அவள் போட்ட கூச்சலில் முப்பது பேர் ஓடிவந்து மொய்த்தார்கள். அதிலொருவன் கணக்குப் போட்டான்: யானையே இத்தனூண்டு என்றால் பாம்பு எவ்வளவு பெரிசு, அந்தப் பாம்பைக் காலடியில் வைத்திருக்கிற காவல்காரர் எவ்வளவு பெரிசு, அப்படிப்பட்டவரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்றால் உள்ளே இருக்கிறவர் எவ்வளவு பெரிசு! சிற்பி ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் எதிர்பார்த்ததும் இந்தக் கணக்கைத்தான். படிப்ஸ் அந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் நின்று, "நடை திறப்பு காலை 6 மணி" என்று எழுதிக்கொண்டிருந்தான்.

பலகை கிடைக்காத இடத்தில் வழிகாட்டியின் வாயைப் பார்ப்பான். அவர் சொல்வது எதுவானாலும் நோட்டுக்குப் போகும். விமானத்தின் உயரம் 216 அடி என்றார் வழிகாட்டி. பலகையில் மீட்டரில் இருந்தது. "சார், எத எழுதுறது?" என்று கலங்கிப்போய் வரலாற்று ஆசிரியரிடம் ஓடினான். "ரெண்டையும் எழுதுடா" என்றார் அவர். மேல்தளத்தில் 108 நடனக் கரணங்களைச் செதுக்கத் திட்டமிட்டு 81 வரை செதுக்கியிருக்கிறார்கள், மீதிக் கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன என்று வழிகாட்டி சொல்ல, இவன் மார்ஜினில் வகுத்துப் பார்த்துவிட்டு, "75 பெர்சென்ட் சார்" என்றான். கணக்கு சரிதான். ஏன் நின்றுபோனது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அது அறிக்கையில் வராது.

பிறகு வழிகாட்டி அந்தப் பழைய கதையை எடுத்தார். இந்த விமானத்தின் நிழல் தரையில் விழாது! பதினொரு மணி வெயில். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் கல்தளத்தில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். படிப்ஸ் மட்டும் வடபக்கம் சண்டிகேசுவரர் சன்னதிக்கு அருகே குளிர்ச்சியாக ஓரிடம் பிடித்து உட்கார்ந்து, "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்று எழுதி, கீழே சிவப்பு மையால் அடிக்கோடிட்டான். அவன் உட்கார்ந்திருந்தது விமானத்தின் நிழலில். நோட்டின் மேலும் அதே நிழல்தான்.

இதைப் பக்கத்திலிருந்த ஒரு பையன் சுட்டிக்காட்டவும் செய்தான். படிப்ஸ் நிமிர்ந்து பார்த்தான், தரையைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான். "கைடே சொல்லிட்டாருடா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.

எழுதிவைக்கும் பைத்தியத்தைப் பொதுவாகக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் கோயிலைக் கட்டியவனுக்கும் அது இருந்தது. தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். நகை என்றால் எடை, விளக்கு என்றால் அதற்கு நெய் தரும் ஆடுகளின் எண்ணிக்கை. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், யார் எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்பதும் கோயில் கல்லில் இன்றைக்கும் இருக்கின்றன. பத்து நிமிடம் நின்று உற்றுப் பார்த்தால் ட, ப போன்ற சில எழுத்துகள் பள்ளிப் பிள்ளைக்கே பிடிபடும். புள்ளிதான் பெரும்பாலும் இருக்காது. படிப்ஸ் அந்தக் கல்லின் மேல்தான் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்தான். கல்வெட்டை ஒரு தடவை பார்த்தான். "இது போர்ஷன்ல இல்ல" என்று விட்டுவிட்டான்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு செப்புத்திருமேனி இருக்கிறது. திருவெண்காட்டு ரிஷபவாகனர். 1011இல் செய்தது, பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு செய்யப்பட்டவள். ஒரு காலுக்குக் குறுக்கே இன்னொரு காலை லேசாகப் போட்டுக்கொண்டு, தலையில் பாம்புகள் நெளியும் சடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, காளையின் மேல் கையை ஊன்றி ஒய்யாரமாக நிற்கிறார். காளை மட்டும் இல்லை. எங்கே போனதோ, கை காற்றில் நிற்கிறது. ஆனாலும் அந்த நிற்கிற நிற்பில் காளை அங்கே இருப்பது நமக்குத் தெரிகிறது. வெண்கலத்தில் இல்லாததையும் வார்த்திருக்கிறான் அந்தச் சிற்பி.

கடைசி பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் அதன் முன்னால் நீண்ட நேரம் நின்றார்கள். "எதும் மேலடா கை வெச்சிருக்காரு?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து காளை ஆனான். முதலாமவன் அவன் முதுகில் முழங்கையை ஊன்றி, காலை மாற்றிப் போட்டு, இடுப்பை ஒடித்து நின்று பார்த்தான். கால் சரியாக வரவில்லை. திரும்பச் சிலையைப் பார்த்தான், காலைத் திருத்திக்கொண்டான். இப்போது வந்துவிட்டது. காவலர் ஒரு அதட்டல் போட, ஆசிரியர் ஓடிவந்து காளையின் முதுகில் ஒன்று வைத்தார். அன்றைக்கு அந்தச் சிலையை முழுதாகப் பார்த்தவர்கள் அந்த இரண்டு பேர்தான். படிப்ஸ் அட்டையில் இருந்த ஊர், உலோகம், நூற்றாண்டு மூன்றையும் எழுதிவிட்டு, "சத்தம் போடாதீர்" என்ற அறிவிப்பையும் சேர்த்துக்கொண்டு, அடுத்த மேடைக்குப் போய்விட்டான்.

தாராசுரம் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் களைத்திருந்தார்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயிலில் ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் இருக்கிறது. ஒரு உடலைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. தூங்கி வழிந்த பிள்ளைகள்கூட நான் மறைக்கிறேன், நீ மறை என்று அடித்துக்கொண்டார்கள். படிப்ஸ், "யானை = காளை" என்று எழுதினான்.

திரும்பும் பஸ்ஸில்தான் அவனைக் கொஞ்சம் பிடித்துப்போகிறது. மதியம் எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது இவன் கலைக்கூட அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை இரவு எட்டு மணிக்கு, விளக்கணைத்த பஸ்ஸில், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்துப் பக்கத்து சீட்டுப் பையனிடம் மெதுவாகக் கேட்டான்.

"டேய், அந்தப் பாம்பு எங்கடா இருந்துச்சு?"

"வாசல்லயேடா. நீ நின்னு எழுதிட்டிருந்தியே, அதுக்கு எதிர்லதான்."

படிப்ஸ் அதையும் எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை அவனுடைய நோட்டு வகுப்பைச் சுற்றி வந்தது. பெரிய கோயில் கட்டி முடிக்கப்பட்டது 1010இல். குலுங்கிய பஸ்ஸில் அவன் கை தவறி 1001 என்று எழுதியிருந்தான். வகுப்பு முழுக்க 1001. ஒருத்தி நோட்டில் மட்டும் 1100. அவள் பார்த்தது படிப்ஸின் நோட்டை இல்லை, படிப்ஸைப் பார்த்து எழுதியவனுடைய நோட்டை. ஏடு பெயர்த்து எழுதும்போது பாடபேதம் எப்படி உண்டாகிறது என்பதை அறிய சரஸ்வதி மகால் நூலகம்வரை போகத் தேவையில்லை. இந்த வகுப்பு போதும். ஒற்றுமையும் இல்லாமல் இல்லை: எல்லா நோட்டிலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் சரியாக இருந்தது. எல்லா நோட்டும் "கண்டு களித்தோம்" என்றுதான் முடிந்தது.

பையனைச் சொல்லிக் குற்றமில்லை. பத்துப் பக்க அறிக்கைக்கு மார்க் உண்டு, விடுபட்டால் குறையும் என்று கிளம்புவதற்கு முதல் நாளே சொல்லி அனுப்பியது பள்ளிக்கூடம். ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கி, அதிலும் கால் மணி நேரத்தைப் பேனரைப் பிடித்து போட்டோ எடுக்கச் செலவழித்தது பள்ளிக்கூடம். பிள்ளைகள் யானைக்கும் காளைக்கும் அடித்துக்கொண்ட இடத்தில் விசிலை ஊதி, "போதும், நகருங்க நகருங்க" என்று விரட்டியதும் பெரியவர்கள்தான். போகும்போதும் வரும்போதும் தலையை எண்ணினார்கள், "உனக்கு எது புடிச்சுது?" என்று ஒரு பிள்ளையிடம்கூட யாரும் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பக்கத்தையும் யாரும் படிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து, தேதி, அதன்பின் இன்ஸ்பெக்‌ஷன் ஃபைலுக்குள் போய்விடும். படித்திருந்தால் 1001ஐ யாராவது திருத்தியிருப்பார்கள்.

அடுத்த ஆண்டு டூர் அழைத்துப் போகிற ஆசிரியர்கள் தயவுசெய்து நோட்டுகளை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஒரே ஒரு பக்கம் போதும்; எந்தப் போர்டிலும் இல்லாத ஒன்றை எழுதி வரச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சில் இருந்து முதல் நாளே வந்துவிடும். படிப்ஸ் இரண்டு நாள் திணறுவான், பிறகு இன்னொரு தடவை பார்த்தால்தான் எழுத முடியும் என்பான். கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய கோயிலுக்கும் தாராசுரத்துக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது, பஸ் செலவுதான்.