மூன்று தீபாவளி

ஹாலிவுட்டின் ஜூடி கார்லண்ட் மாதிரி பாட்டால் உச்சிக்குப் போய், வாழ்க்கையில் அடிபட்ட நட்சத்திரம் நம்மிடம் உண்டா? – வாசகர், ஊரப்பாக்கம்

எம்.கே. தியாகராஜ பாகவதரை விட்டுவிட்டீர்களே! 1944 தீபாவளிக்கு அவர் நடித்து வந்த ‘ஹரிதாஸ்’ படம், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் ஊரைக் கட்டிப்போட்டிருந்தபோதே, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு நாயகனைக் கட்டிப்போட்டது. அந்த மூன்றில் இரண்டு தீபாவளி அவருக்குச் சிறையில்தான்!

லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி 1947-ல் நிரபராதியாக வெளியே வந்தார். அதே வழக்கில் சிக்கி, கூடவே விடுதலையான நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் மறுபடியும் சினிமாவில் கொடிகட்டிப் பறந்தார். பாகவதருக்கோ ‘ராஜமுக்தி’ தொடங்கிப் படங்கள் கைகொடுக்கவில்லை. அவர் தலைமுடியைப் பார்த்து ‘பாகவதர் கிராப்’ வைத்துக்கொண்ட ஊர், குரல் கெடாமல் திரும்பியவருக்குப் பழைய இடத்தைத் தராதது எனக்கு இன்றும் ஆறவில்லை. 1959-ல் மறைந்தார்.