துப்பாக்கிக்குக் கழிவு கிடையாது

கேமரன் மலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஈரம் இருந்தால் கழிவு. முற்றல் இலை கலந்திருந்தால் கழிவு. மழையில் நனைந்தது கொழுந்து மட்டுமா, பறித்தவரும்தான் என்று தண்டலிடம் வாதாடிப் பயனில்லை. கூலிக்காரன் மூட்டைக்குத்தான் இத்தனை நிபந்தனை. ஆயுத மூட்டைக்கு ஒன்றும் கிடையாது.

இலங்கையைப் பாருங்களேன். 2003 ஜூனில் தோக்கியோவில் கூடிய கொடை நாடுகள் 450 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. அரசும் விடுதலைப் புலிகளும் நடத்தும் சமாதானப் பேச்சு முன்னேறினால்தான் பணம் என்று கறாராகவும் சொன்னார்கள். (புலிகள் அந்த மாநாட்டுக்கே போகவில்லை.) கறார் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும்தான். பீரங்கி விற்றவர் எவரும் "பேசினாயா?" என்று கேட்கவில்லை. புலிகளுக்குச் சரக்கு அனுப்பிய கள்ளச்சந்தையும் கேட்கவில்லை.

2008 ஜனவரியில் கொழும்பு, புலிகளோடு செய்திருந்த போர்நிறுத்த ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தது. அதனால் எந்தக் கப்பல் திரும்பிப் போனது? சீனா போர் விமானம் தந்தது. பாகிஸ்தானும் தாராளம் காட்டியது. இந்தியா தந்ததோ 'கொல்லாத' தளவாடம் மட்டுமாம், ராடார்! அதே ஆண்டு செப்டம்பரில் புலிகள் வவுனியாப் படை முகாமைத் தாக்கியபோது இரண்டு இந்தியத் தொழில்நுட்பவியலாளர்கள் காயமடைந்தார்கள். அகிம்சைப் பொருளுக்குப் பராமரிப்பு வேலை, போர்முனையில்!

அமெரிக்காவாவது சட்டம் போட்டு இராணுவ உதவியை நிறுத்தியதே என்பீர்கள். நிறுத்தியது. கடல், வான் கண்காணிப்புக் கருவிகளுக்கு மட்டும் விலக்கு. கையைக் கட்டிக்கொள்வோம், கண்ணை இரவல் கொடுப்போம் என்கிற தர்மம் அது. தோக்கியோவின் கூட்டுத் தலைமை நாடுகளில் ஒன்றான ஜப்பானோ, பேச்சு செத்த பிறகும் பணப்பையை மூடவில்லை.

குண்டு தருகிறவன் போடும் நிபந்தனைதான் குண்டை நிறுத்தும். பாலத்துக்குப் பணம் தருகிறவன் போடுவது வெறும் கடுதாசி. முள்ளிவாய்க்கால் வரை நடந்த இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அதுவும் கடுதாசிதான்.

போர் முடிந்த சூட்டோடு, 2009 மே 27 அன்று, ஜெனீவா மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசைத் தட்டிக்கொடுக்கும் தீர்மானம் வந்தது. ஆதரவு 29, எதிர்ப்பு 12. ஆதரித்தவர்கள் வரிசையில் சீனா, பாகிஸ்தான், இந்தியா, கூடவே மலேசியா. நம் பெயரில் போட்ட ஓட்டு அது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு இந்த மலைக்கு ஏறி வருகிறவர்களிடம், வேட்டியும் மாலையுமாக வந்தாலும் சரி, அதற்குக் கணக்குக் கேளுங்கள்.