‘சக்திமான்’ முதற்பருவமும் தென்காசி வட்டார உரைமரபும்

தூர்தர்ஷனில் 1997 செப்டம்பர் 13 அன்று தொடங்கிய ‘சக்திமான்’ தொடரைப் பருவங்களாகப் பகுக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லாமையால், அதன் முதற்பருவம் என்பது அந்நாள் முதல் மறு ஆண்டு குற்றாலத்தில் சாரல், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து கொண்டுவரும் மெல்லிய தூறல், விழத் தொடங்கும் வரையிலான காலம் என இங்கு வரையறுக்கப்படுகிறது. இவ்வரையறை ஆய்வுக்கு வசதியானது என்பதைத் தவிர வேறு நியாயம் இதற்கு இல்லை.

மூலபாடம் இந்தியில் அமைந்திருந்ததும் தென்காசிச் சிறுவர்க்கு இந்தி தெரியாததும் சேர்ந்து ஓர் உரைமரபைத் தோற்றுவித்தன. தொலைக்காட்சி இருந்த வீட்டின் மூத்த அண்ணனே உரையாசிரியர். அவருக்கும் இந்தி தெரியாது என்பது உரையின் வளத்தைக் கூட்டியதேயன்றிக் குறைக்கவில்லை. சூரியாம்சிகள் எனப்படும் குருமார் யோகத்தால் குண்டலினியை எழுப்பி நாயகனுக்கு ஐம்பூத ஆற்றலை அளிக்கும் தொடக்க அத்தியாயங்களில், தாடி வைத்தவரெல்லாம் பொதிகைமலை அகத்தியரின் சீடர் என ஒரு சாராரும், ஐம்பூதத்துள் நீர் என்றது ஐந்தருவியையே எனப் பிறிதொரு சாராரும் பொருள் கொண்டனர். நாயகனாக நடித்த முகேஷ் கன்னா முன்னர் ‘மகாபாரத’த்தில் பீஷ்மராக நடித்தவராதலின், இவர் அம்புப்படுக்கையிலிருந்து எழுந்து வந்தவரே என்பார் கூற்று வலிந்து கொண்ட பொருளெனத் தள்ளத்தக்கது.

மிகவும் விரும்பப்பட்ட அத்தியாயங்கள் முழுமையாகப் பார்க்கப்படாதவையே என்பது இவ்வாய்வின் முடிபு. தொடரின் தீய விஞ்ஞானி டாக்டர் ஜைகால் ‘பவர்’ என்று கூவிய கணத்தில் கரண்ட் போய்விட்ட அத்தியாயமே தரவரிசையில் முதலிடம் பெறுகிறது. இருளே நிலைக்க வேண்டுமென முழங்கும் வில்லன் தம்ராஜ் கில்விஷ் தென்காசி வரை வந்துவிட்டான் என்பதற்கு அதனினும் வலுவான சான்று வேண்டுவதில்லை. அடுத்த இடம், காற்றில் திரும்பிய ஆன்டெனாவைச் சரிசெய்ய ஒருவன் மாடியேறி, “தெரியுதா? இப்பத் தெரியுதா?” எனக் கேட்டுக்கொண்டே ஒலியை மட்டும் செவியுற்ற அத்தியாயங்களுக்கு உரியது. படம் பார்க்காத அவனது உரையே பெரிதும் போற்றப்பட்டது, ஏனெனில் அதில் மட்டுமே சண்டைகள் நீண்டன.

பத்திரிகைப் புகைப்படக்காரனான கங்காதர் சுழன்று சக்திமானாகும் காட்சிக்கு உரை தேவைப்படவில்லை. நின்ற இடத்தில் சுற்றி விழுவதே அதற்குச் செய்முறை விளக்கமாயிற்று. காற்று வலுத்து வீசும் காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் சுற்றினால் பறக்கலாம் என்னும் கருதுகோள், உடன்வந்த பாட்டிமார் கையைப் பிடித்து இழுத்தமையால் இன்றளவும் சோதிக்கப்படவில்லை. அத்தியாய இறுதியில் சக்திமான் சிறுவர்க்குக் கூறும் நல்லுரைக்கு எவரும் உரை எழுதவில்லை. அதற்குள் அவையோர் தெருவுக்குப் போய்விடுவர்.

2020 ஏப்ரலில், தென்காசி தனி மாவட்டமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், ஊரடங்குக் காலத்தில் தூர்தர்ஷன் இத்தொடரை மறுஒளிபரப்புச் செய்தது. நடுத்தர வயதை எட்டிவிட்ட உரையாசிரியர்கள், மின்தடையின்றி, வண்ணத்தில், முழுமையாகக் கிடைத்த மூலத்தைத் தம் உரையோடு ஒப்பிட்டு, தாம் முன்பு காணாத காட்சிகள் அனைத்தும் இடைச்செருகல் என்று ஒருமனதாகத் தீர்மானித்தனர்.