பிள்ளைகளுக்குத் தகுதி போதாது

திருவள்ளூர் பக்கம் ஒரு செங்கல் சூளை. ஓரத்தில் தகரக் கூரை, ஒரு கரும்பலகை, நாற்பது பிள்ளைகள். பெற்றவர்கள் ஒடிசாவில் முன்பணம் வாங்கிக்கொண்டு கல் அறுக்க வந்தவர்கள். ஒடியா தெரிந்த ஒரு பெண் பாடம் நடத்தினார். வருடச் செலவு நான்கு லட்சம். அதைக் கேட்டுப் பள்ளியை நடத்துகிறவர்கள் ஒரு பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் ஆபீசுக்கு, அதாவது சமூகப் பொறுப்பு நிதி தருகிற இடத்துக்குப் போனார்கள். விண்ணப்பம் எழுதத் தெரியும் என்ற பாவத்துக்கு நானும் கூடப் போனேன்.

முந்திரி பிஸ்கட் வந்தது. பிறகு கேள்விகள் வந்தன.

"பயனாளிகள் மூன்று வருஷம் தொடர்ந்து இருப்பார்களா?"

இருக்க மாட்டார்கள். மழை பிடித்தால் சூளை அணையும், ரயிலேறிப் போய்விடுவார்கள்.

"அப்போ பேஸ்லைன் எடுத்த குழந்தைக்கே எண்ட்லைன் எப்படி எடுப்பீங்க?"

தொடக்கத்தில் ஓர் அளவு, முடிவில் ஓர் அளவு, அதே பிள்ளைக்கு வேண்டுமாம். கூடவே ரயிலேறிப் போய் எடுக்கிறோம் என்று வாய்வரை வந்தது. நான்கு லட்சத்தை நினைத்து விழுங்கிக்கொண்டேன்.

"பட்ஜெட்ல முக்கால்வாசி சம்பளமா இருக்கே? நாங்க பொருளாத்தான் விரும்புவோம்."

கரும்பலகை தானாகப் பேசாது சார்.

"எக்ஸிட் பிளான்?"

பணம் நின்ற பிறகும் திட்டம் சொந்தக் காலில் நிற்க வேண்டுமாம். நிற்கும். ஆறு வயதுப் பிள்ளைகள் கல் சுமந்து ஃபீஸ் கட்டினால் தாராளமாக நிற்கும்.

ஏதோ தாத்தா சொத்தை எழுதிக் கொடுக்கிற முகம் எதிரில். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு கட்டச் சொன்ன காசு அது. பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். கடன்காரன் வள்ளல் வேஷம் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

விதிகள் இன்னும் ருசி. வெளி அமைப்புக்கு மூன்று வருட முன்னனுபவம் கட்டாயம். கம்பெனியே தொடங்கிய சொந்த அறக்கட்டளைக்கு வேண்டாம். மாமியார் உடைத்தால் மண்குடம். பெரிய திட்டங்களின் பலனை வெளியாளை வைத்து அளக்க வேண்டும். அளப்பவருக்குத் தருவதில், சிஎஸ்ஆர் தொகையில் 2 சதவீதம் அல்லது 50 லட்சம், எது அதிகமோ அதுவரை கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஐம்பது லட்சத்தில் எங்கள் தகரக் கூரை பன்னிரண்டு வருடம் ஓடும். அளவுகோலுக்கு இருக்கிற மதிப்பு பிள்ளைக்கு இல்லை.

போலி டிரஸ்ட்கள் இல்லையா? இருக்கின்றன. காகிதத்தில் மட்டும் பிள்ளை வளர்க்கிறவர்களை எனக்கே தெரியும். கணக்குக் கேளுங்கள். ரசீது கேளுங்கள். சொல்லாமல் வந்து நில்லுங்கள், தலையை எண்ணுங்கள். அதை மட்டும் செய்ய மாட்டார்கள். சென்னையிலிருந்து மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஒருவரும் வரவில்லை. வந்தது இருபத்து மூன்று பக்கப் படிவம்.

இத்தனை கறாரான தேசத்தில்தான் குஜராத்தில் 182 மீட்டர் உயரத்துக்குப் படேல் சிலை எழுந்தது. ஐந்து அரசு எண்ணெய் கம்பெனிகள் சிஎஸ்ஆர் கணக்கில் அதற்குக் கொடுத்தது 146.83 கோடி. இது சிஎஸ்ஆரில் சேராது என்று 2018இல் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் (சிஏஜி) அறிக்கையே சொன்னது. சிலையிடம் பேஸ்லைன் எடுத்தார்களா? எக்ஸிட் பிளான் கேட்டார்களா? ஒரு வசதி, சிலை மழைக்கு ஊர் திரும்பாது.

எங்கள் விண்ணப்பம் 'தகுதி பெறவில்லை' என்று பிப்ரவரியில் ஒரு வரி வந்தது. மார்ச் மூன்றாம் வாரம் அதே ஆபீசிலிருந்து போன். வருடக் கணக்கு முடிவதற்குள் கொஞ்சம் பணம் தீர வேண்டுமாம். நாற்பது ஸ்கூல் பேக் தருகிறோம், போட்டோ மட்டும் நன்றாக வரட்டும்.

வந்தார்கள். அன்றைக்கு மட்டும் வழி தெரிந்தது. வெயிலில் முக்கால் மணி நேரம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பையின் லோகோ கேமராவுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிவிட்டார்கள். ஒரு சின்னவன் பையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. கவிழ்த்தும் பார்த்தான்.

டீச்சருக்குச் சம்பளம் ஏப்ரலோடு நின்றது. ஜூனில் சூளை அணைந்தது. அலுமினியத் தட்டு, பழைய துணி, மிச்ச அரிசி எல்லாம் அந்த நாற்பது பைகளில் ஏறின. சென்ட்ரல் நடைமேடையில் லோகோ வரிசையாக ரயிலேறியது.

கேட்டார்களே, எக்ஸிட் பிளான். இதுதான்.