ஒன்பதாவது சிப்பாய்: கம்பளைத் தேத்தண்ணிக் கடை ஆட்டமொன்றின் மீளாய்வு குறித்து ஒரு முன்னாய்வு

தோற்ற ஆட்டத்தைத் திரும்ப வைத்துப் பார்த்தே சதுரங்கம் கற்க வேண்டும் என்பது ஆன்றோர் துணிபு. உலகச் சாம்பியனாயிருந்த மிகையீல் பொட்வின்னிக், தன் ஆட்டத்தைத் தானே அலசி, அலசியதை அச்சிலும் ஏற்றிவிட வேண்டும், எஞ்சிய பிழையை ஊரார் காட்டித்தருவர் என்று வற்புறுத்தியவர். அக்கொள்கை கம்பளை பஸ் நிலையத்தை அடுத்த கடையொன்றில் எவ்வாறு கைக்கொள்ளப்படுகிறது என்று ஆராய்ந்தார் இதுவரை எவருமிலர். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பதவி உயர்வு அன்று.

ஆட்டம் வருமாறு. வெள்ளை: ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் பையன். கறுப்பு: அவனுக்குக் கணக்கு டியூஷன் சொல்லும் மாஸ்டர். இருவரும் ராஜாவுக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினர். பையன் பிஷப்பை சி 4இல் வைத்தான். மாஸ்டர் குதிரையை சி 6க்கு எடுத்தார். பையன் ராணியை எச் 5க்கு வீசினான். மாஸ்டர் மற்றக் குதிரையை எஃப் 6இல் வைத்து, ராணியை மிரட்டிவிட்ட திருப்தியில் பிளேன்டீயைக் கையில் எடுத்தார். ராணி எஃப் 7இல் இருந்த சிப்பாயை வெட்டியது. மேட். தேத்தண்ணி ஆறவில்லை. மீளாய்வோ கடை பூட்டும்வரை நடந்தது.

பிழை: எஃப் 7ஐ ராஜாவைத் தவிர எவரும் காக்கவில்லை, மூன்றாவது நகர்வில் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் தீர்ந்தது. இதுபற்றி ஆராய்வதற்கு வேறொன்றுமில்லை.

மூலபாடம்: இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. கடையில் ஆடுவோர் நகர்வுகளை எழுதிவைக்கும் வழக்கமில்லை. எனவே ஆட்டம் மூன்று வாய்மொழிப் பாடங்களாகவே நமக்குக் கிடைக்கிறது. பையன் பாடம் சுருக்கமானது, ஆகவே நம்பத்தகாதது. மாஸ்டர் பாடம் விரிவானது. ஆட்டத்தில் நிகழாத நல்ல நகர்வுகள் பலவற்றை அது மட்டுமே காத்துத்தந்துள்ளது. மூன்றாவது, நாவலப்பிட்டி பஸ்ஸின் கொண்டக்டர் ரொட்டி தின்றபடி நின்று பார்த்துச் சிங்களத்தில் சொன்னது. 1344இல், கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகு காலத்தில், லங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களமும் தமிழுமாகச் சாசனம் பொறித்த நாடு இது. நம் சான்றுகளும் இருமொழியில் அமைந்தது தற்செயலன்று எனத் துணியலாம். துணிந்தேன்.

நினைவை எவ்வளவு நம்பலாம் என்றால், 1973இல் சேஸ், சைமன் என்ற இருவர் செய்துகாட்டிய சோதனை உண்டு. உண்மை ஆட்டத்தின் நிலையைச் சில நொடி காட்டினால் தேர்ந்த ஆட்டக்காரர் காய்களை அப்படியே திரும்ப அடுக்குகிறார். காய்களைக் கண்டபடி கலைத்துவைத்துக் காட்டினால் அவரும் நம்மைப்போலத்தான் தடுமாறுகிறார். மாஸ்டர் ஆடிய நிலை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது என்பதில் பாடங்கள் வேறுபடுகின்றன.

இனி மூடி. கடையின் செட்டில் வெள்ளைப் பிஷப் ஒன்று தொலைந்து நெடுங்காலமாகிறது. அதன் இடத்தில் எலிபன்ட் ஹவுஸ் சோடாப் போத்தல் மூடியொன்று பணியாற்றுகிறது. சி 4இல் நின்றது இம்மூடியே. மாஸ்டரின் வாதம் இது: "அதை நான் சிப்பாய் என்றுதான் பார்த்தேன். சிப்பாயென்றால் எஃப் 7இல் ராணிக்குக் காவல் ஏது? ராஜாவாலேயே வெட்டியிருப்பேனே!" தர்க்கம் பழுதற்றது. மூடி சிப்பாயானால் அது மேட் ஆகாது. பையன் ராணியைச் சும்மா பறிகொடுத்தவனாவான். இக்கட்டுரை அவனைப் பற்றியதாகிவிடும்.

இதற்கு மாறாக ஓர் அகச்சான்று உண்டு. வெள்ளைச் சிப்பாய்கள் எட்டும் பலகையில் வேறிடங்களில் நின்றன என மூன்று பாடங்களும் ஒப்புகின்றன. எனவே மூடியும் சிப்பாயெனின், வெள்ளைக்கு ஒன்பது சிப்பாய்கள். இதை 'ஒன்பதாவது சிப்பாய்க் கொள்கை' என அழைப்போம். கொள்கையை முதலில் மறுத்தவர் கடைக்கார நானா (பார்க்க: பில் புத்தகம், பின்னட்டை, இடது ஓரம்). அம்மறுப்பை மாஸ்டர் மறுத்தார் (மேற்படி, எண்ணெய்க் கறைக்குக் கீழே). மறுப்பின் மறுப்புக்கு நானா கணக்குப்போட்டுக் காட்டியது சிகரெட் பெட்டியின் உள்தாளில் உள்ளது. அதன் கீழ்ப்பாதியில் ஆனமடுவப் பக்கத்து ஆளொருவருக்குத் தரவேண்டிய பாக்கி குறிக்கப்பட்டிருப்பதால் அப்பகுதி இடைச்செருகல் என்க. மேசையின் வடகீழ் மூலையில் பேனாக்கத்தியால் கீறிய ஒன்பது கோடுகளும் உள. அவை சிப்பாய்களைக் குறிப்பன என நானும், யாரோ குடித்த தேத்தண்ணிக் கணக்கு என நானாவும் கொள்கிறோம். நானா முறையாகப் பயின்ற ஆய்வாளர் அல்லர் என்பதை மட்டும் இங்கே பதிவுசெய்கிறேன்.

யானைக் கட்சியாரும் உளர். மூடியின் தலையில் இருப்பது யானைப் படம். நம்மவர் பலர் கோட்டையை யானை என்பர். ஆகவே மூடி யானையே என்பது அவர் வாதம். மூலையைவிட்டுப் புறப்படாத யானை இரண்டாவது நகர்வில் சி 4க்கு எவ்வழி வந்தது என்று கேட்டால் சினக்கிறார்கள். இதில் வியப்பில்லை. இபன் பதூதா கண்ட 'குனகார்' என்ற தலைநகர் கம்பளையா குருநாகலா என்று அறிஞர் மோதுகிறார்கள். அவர் எவ்வழி நடந்தார் என்பது வழக்காடுவோரின் வசதிக்கேற்ப வளைந்துகொடுக்கிறது. யானை வளைந்தால் என்ன?

உரைமரபு: நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரைசெய்கையில் எங்கோ கிடந்த சொல்லைப் பெயர்த்துவந்து எங்கோ உள்ள அடியோடு மாட்டிப் பொருள்கொண்டார். மாஸ்டர் அந்நெறியில் ஒரு படி மேற்சென்று, முதல் நகர்வின்போது காதில் விழுந்த 'கண்டி, கண்டி, கண்டி' என்ற கூவலை மூன்றாவது நகர்வோடு மாட்டினார். மேலைநாட்டில் இதற்கு நிகர் ரொபர்ட் ஹியூப்னர் (1948–2025). கிராண்ட்மாஸ்டராகிய அவர் பப்பைரஸ் ஏடுகளை வாசிக்கும் அறிஞருமாவார். தம் ஆட்டங்களுக்கு அவர் வரைந்த உரைகள் நீளத்துக்கும், தம்மையே வையும் கடுமைக்கும் பெயர்போனவை. மாஸ்டரிடம் நீளம் உண்டு.

மேற்கோளாட்சி: 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகச் சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்வில் கோட்டையை எஃப் 2இல் வைத்தார். சென்னையின் குகேஷ் கோட்டைகளை மாற்றி, பிஷப்புகளையும் மாற்றி, சிப்பாய் ஆட்டத்தில் வென்று பட்டத்தைக் கைப்பற்றினார். "டிங் லிரெனுக்கே நடந்தது" என்றார் மாஸ்டர். "அது பதினாலாவது ஆட்டம் சேர்," என்றான் பையன், "அதுவும் நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு." இக்குறுக்கீடு எப்பாடத்திலும் சேர்க்கப்படவில்லை.

மீளாய்வின் பயனாக, அடுத்த ஆட்டத்துக்கு மாஸ்டரே செலவழித்துச் சட்டைப் பொத்தானொன்று வாங்கிவந்தார். அது பிஷப் என்று நானா, கொண்டக்டர், பையன் மூவரும் சாட்சி சொல்ல, சிப்பாய்கள் எண்ணப்பட்டன, எட்டு. பின்னர் ஆட்டம். அதன் மூலபாடத்தில் சிதைவில்லை, சாட்சிகள் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகின்றனர்: பொத்தான் சி 4இல், ராணி எச் 5இல், மாஸ்டரின் குதிரை எஃப் 6இல்.

ராணியின் கழுத்தில் சுற்றியிருந்த செலோடேப் அதன் உயரத்தைக் கூட்டிக்காட்டியதா என்பது பற்றிய என் தனிநூல் அச்சில் இருக்கிறது.